காய்ந்த தலைக்கு வக்காலத்து இல்லை

கட்சிக்காரனை முதலில் குளிக்க அனுப்பிவிட்டு, அவன் தலை துவட்டிக்கொண்டு வந்த பிறகுதான் "ம், இப்பச் சொல்லு, என்ன கேசு?" என்று கேட்கிற வக்கீல் இந்தியாவிலேயே ஒருத்தர்தான் இருந்திருப்பார். அவர் தென்காசியில் இருந்தார். இத்தனை வக்கீல்கள் இருக்கிற ஊரில் அவரிடமே போய் நாங்கள் மாட்டினோம். எங்கள் குடும்ப ராசி அப்படி.

ஊரில் அவருக்கு எண்ணெய் வக்கீல் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் வாசல் போர்டில் இருந்ததாம். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அது மங்கி, நான் பார்க்கும்போது 'பி.எல்.' மட்டும்தான் மிச்சம். ஆபீஸ் மாடியில். ஏறுகிற படியெல்லாம் பிசுபிசு என்று இருக்கும். கேசு ஜெயிப்பதெல்லாம் அப்புறம், முதலில் அந்தப் படியில் விழாமல் ஏறி இறங்க வேண்டும். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறுவேன். இதில் என்ன விசேஷம் என்றால், ஊரார் தலைக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்ட அந்த மனிதர் தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது.

அவர் எடுத்ததெல்லாம் ஒரே வகைக் கேசு. மனைவியை அடித்தான், கொடுமைப்படுத்தினான் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு வந்தால், அந்தப் புருசனுக்கும் அவன் வீட்டாருக்கும் ஆஜராவார். சொத்துத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று போனால், "அதுக்கெல்லாம் படிச்சவங்க இருக்காங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாம் எதிர்மனுதாரர்.

அதாவது நாத்தனார். முதல் எதிர்மனுதாரர் என் தம்பி கணேசன். வாசுதேவநல்லூரில் உரக்கடை வைத்திருக்கிறான். நான் தென்காசியில் கணக்கு டீச்சர். அவன் மனைவி மாலதி ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு சிவகிரியில் இருக்கிற தன் அப்பா வீட்டுக்குப் போனாள். அவள் திரும்பவில்லை, மனுதான் வந்தது. என்னைக் கை நீட்டி அடித்தார் என்று புருசன் மேல். வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாம்பாரைக் குறை சொல்லி மனதைப் புண்படுத்தினார் என்று என் மேல்.

சாம்பாரைக் குறை சொன்னது நிஜம். அதைச் சாப்பிட்டிருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அந்தச் சாம்பாரை வைத்தவன் என் தம்பி. இதை நான் எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

கணேசன் என் முன்னால் உட்கார்ந்து அழுதான். "நான் கை நீட்டவே இல்லக்கா. அவ என்ன வேணும்னாலும் எழுதிக்கிடட்டும். பாப்பாவ மட்டும் பாக்க விடச் சொல்லு." பாப்பாவுக்கு ஐந்து வயது. அப்பா மடியில் ஏறிக் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடி விளையாடுகிற பிள்ளை. அவள் போனதிலிருந்து அவன் கடையில் கல்லாவைச் சத்தம் வராமல் மூடப் பழகிக்கொண்டான். அவனுக்கு வேண்டியது பாப்பா, வேறொன்றும் இல்லை. எனக்கு வேண்டியதும் அதுதான். கை நீட்டவில்லை என்று அவன் சொன்னதை நான் நம்பினேன். கூடப்பிறந்தவன் இல்லையா.

இந்தக் கேசுக்கென்றே ஒரு வக்கீல் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நான் நீட்டிய மனுவை வாங்கவில்லை. கணேசனின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி கடைசியா எப்பக் குளிச்சே?"

"காலையில சார்."

"எதுல?"

"ஷவர்ல."

"அதைக் குளியல்ல சேக்க முடியாது" என்று எழுந்து அலமாரியைத் திறந்தார். சட்டப் புத்தகம் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். நல்லெண்ணெய் டின்னை எடுத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும். வராமல் "இது என்ன அண்ணாச்சி, வக்கீல் ஆபீசா, வைத்தியசாலையா?" என்று கேட்டேன். அதற்காகவே காத்திருந்தவர்போல உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், இங்கன வாரவன் எவனும் நடந்ததைச் சொல்லுததில்ல. அம்மா ஒரு வரி, சித்தப்பா ஒரு வரி, மச்சினன் ஒரு வரின்னு வீட்ல எல்லாருமாக் கூடி ஒரு கதை கெட்டிக் குடுக்காங்க. அவன் அதை மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கான். அதை நான் எழுதிக்கிட்டுப் போனா அவனும் கேவலப்படணும், நானும் கேவலப்படணும். அருவிக்குக் கீழ நின்னா, மண்டையில அந்த அடி விழும்போது, மனப்பாடம் பண்ணுனது பூராக் கழண்டுடும். நடந்தது மட்டும்தான் நிக்கும். அதைத்தான் நான் எழுதுவேன். காஞ்ச தலையோட வாரவனுக்கு வக்காலத்து கிடையாது."

"அதுக்கு எண்ணெய் எதுக்கு?"

"சூடு எறங்க வேண்டாமா?"

புத்தி பேதலித்துக் கோட்டி பிடித்தவர்களைக் கொண்டுவந்து குற்றாலத்து அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம்தான். பீஸும் வாங்கிக்கொண்டு நிறுத்தியவர் இவர் ஒருவர்தான்.

அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாது என்று தடை இருக்கிறது. வக்கீல் சட்டத்தை மீறலாமா? மீற மாட்டார். அதனால் ஆபீஸிலேயே எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, பின்பக்கக் குழாயடியில் சீயக்காய் போட்டு அலசி, தலையை முகர்ந்து பார்த்து எண்ணெய் போய்விட்டது என்று நிச்சயம் செய்துகொண்டு, அதன்பிறகே ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்குக் கூட்டிப்போவார். குளித்து முடித்துவிட்டுக் குளிக்கப் போகிற கூட்டத்தை அங்கேதான் பார்த்தேன்.

அந்த ஆபீஸ் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு எம்.எட். முடித்திருக்கலாம். என்னென்ன கூத்து பார்த்திருக்கிறேன் என்கிறீர்கள். ஒரு பேங்க் ஆபீஸர் வந்தார். சட்டையைக் கழற்றுவது கௌரவக் குறைச்சல் என்று பேன்ட், சட்டை, ஷூவோடு போய் அருவியில் நின்றுவிட்டார். பையில் இருந்த செல்போன் செத்துப்போனது. வெளியே வந்தவர் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, போனைப் பற்றியே புலம்பினார். "நடந்தது நின்னுட்டுல்லா?" என்று வக்கீல் என்னைப் பார்த்துக் கேட்டார். "அந்தப் பொண்ணு இந்த ஆளு மனசுல எங்கேயும் இல்ல. இதைத்தான் மனுவுலயும் எழுதியிருக்கா."

செங்கோட்டை லாரி டிரைவர் ஒருவர் வந்தார். பாதி மலையாளம், பாதி தமிழ். "எந்தா சாரே இது, கேசுக்கு வந்தவனுக்குக் குளியா?" என்று கத்திக்கொண்டே போனார். நனைந்து வந்தும் முதலில் சொன்னதையேதான் சொன்னார், கொஞ்சம் முன்னே பின்னே மாறியிருந்ததே தவிர விஷயம் மாறவில்லை. சம்பவம் என்று எழுதியிருந்த அன்றைக்கு அவர் கொல்லத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்காக எண்ணெய் வக்கீல் வாதாடியதைப் பார்க்க வேண்டும். தொண்டை கட்டிப்போய் ஒரு வாரம் எங்களிடம் கையாலேயே பேசினார். பத்து நாளில் தீர்ப்பு வந்து, டிரைவர் மேல் இருந்த மனு தள்ளுபடியானது. அன்றைக்கு மட்டும் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. மறுநாளே போய்விட்டது.

ஏனென்றால் மறுநாள் எங்கள் காகிதங்களை எண்ணெய்க் கையால் புரட்டினார். ஒரு பக்கத்தைப் படித்தால் அடுத்த பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிந்தது. என் பெயரும் எதிர்க்கட்சி வக்கீல் பெயரும் ஒன்றாகக் கலந்து, நானே என் மேல் கேசு போட்ட மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி டைப் அடித்தோம். "காத்தாடப் போட்டாக் காஞ்சிடும் டீச்சர்" என்றார். காகிதத்தில் பட்ட எண்ணெய் எந்த ஊரில் காய்ந்திருக்கிறது?

எங்களுக்கு முன்னால் வந்தவர்களெல்லாம் நனைந்து முடித்து, ஒருவழியாகக் கணேசனின் முறை வந்தது. நல்ல சாரல். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது. ஆண்கள் பக்கம் அவன் போனான். "நீங்களும் போயிட்டு வாங்க டீச்சர், ரெண்டாம் எதிர்மனுதாரரும் குளிக்கணும்லா" என்று பெண்கள் பக்கத்தைக் காட்டினார் வக்கீல். "சாம்பார் கேசுக்கெல்லாம் நான் தலையைக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்தேன். அந்தக் கடைக்காரர்தான் வக்கீலுக்குத் தினமும் காலையில் போனில் அருவி நிலவரம் சொல்கிறவர். குடையும் துண்டுமாக வக்கீல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கணேசன் பல் கிட்டிப்போய் வந்தான். வக்கீல் டீயைக் கையில் கொடுத்து, "என்னலே நடந்துச்சு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

"கடந்த ஆவணி மாதம்..." என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டான். மனப்பாடம் பண்ணியது மேலே வரவில்லை. டீயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அடிச்சிட்டேன் சார். கன்னத்துல."

கையில் இருந்த வாழைக்காய் பஜ்ஜியைத் தட்டில் வைத்தேன். கை நீட்டவே இல்லை என்று என் முன்னால் அழுதானே, அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எழுந்து அவன் கன்னத்தில் ஒன்று விடலாம் என்று கை துறுதுறுத்தது. வக்கீல் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் டீச்சர். பெறகு அதுக்கும் நான்தான் ஆஜராகணும்."

ஆட்டோவில் வரும்போது, "அப்ப மனுவுக்குப் போடுத எதிருரையில அடிச்சேன்னே எழுதிருவோம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம்பி மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அவன் என் தம்பி. "அடிச்சேன்னு எழுதிக் குடுக்க வக்கீல் எதுக்கு அண்ணாச்சி? ஒரு போஸ்ட் கார்டு போதுமே" என்றேன்.

"அடிச்சதை அவன் ஒத்துக்கிட்ட பெறகுதான் டீச்சர் எனக்குச் சோலியே ஆரம்பிக்குது. நகை கேட்டான், வீட்டைவிட்டுத் தொரத்துனான்னு மனுவுல சேத்து எழுதியிருக்கதெல்லாம் இல்லன்னு நான் வாதாடுதேன். செஞ்சதுக்கு மட்டும் அவன் பொறுப்பு, செய்யாததுக்கு இல்ல. அதுக்குத்தான் வக்கீலு. ஆனா அவன் பிள்ளையப் பாக்கணும்னா அந்தப் பொண்ணு சம்மதிக்கணும். பொய் சொல்லுத ஒருத்தன்கிட்ட எவ பிள்ளைய விடுவா?"

"அடிச்சவனுக்கு ஆஜராக உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"இருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டேதான் ஆஜராகுதேன்" என்றார்.

கணேசன் இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னிடம் சொல்லாமல் திருநெல்வேலிக்குப் போய் ஒரு பெரிய வக்கீலைப் பார்த்தான். ஏ.சி. அறை, கண்ணாடிக் கதவு, எண்ணெய் வாடையே இல்லை. அவர் எதிருரையைக் கையோடு தயார் பண்ணிக் கொடுத்துவிட்டார். கை நீட்டவே இல்லை என்று ஒரு பாரா. மாலதி எந்நேரமும் போனில் யாருடனோ பேசுவாள், நடத்தை சரியில்லை என்று இன்னொரு பாரா. அதை எடுத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு என் வீட்டுக்கு வந்து நின்றான். "பாப்பா பெருசாகி இதைப் படிச்சான்னா அக்கா?" என்றான். கிழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். மறுநாள் பழையபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி ஏறினோம்.

எண்ணெய் வக்கீல் ஒன்றும் கேட்கவில்லை. அவன் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தார்.

எதிருரை போட்டு, வாய்தா மேல் வாய்தா போய், ஒருவழியாக விசாரணை வந்தபோது மாசி மாதம். மாஜிஸ்திரேட் ஒரு அம்மா. இரண்டு பக்கத்தையும் தன் அறைக்கே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். கணேசன் எழுந்து நின்று, அடித்தது உண்மை, தப்பு என்று சொன்னான். குறுக்கு விசாரணைக்கென்று மாலதியின் வக்கீல் தயார் செய்து வந்திருந்த கட்டுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாஜிஸ்திரேட் மாலதியைப் பார்த்து, "நீங்க ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார்.

மாலதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அன்னைக்குப் பாப்பா எங்க இருந்தா?"

"தூங்கிட்டு இருந்தா" என்றான் கணேசன்.

மாலதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முடிந்தது, இனிமேல் ஞாயிற்றுக்கிழமையாவது பிள்ளையைப் பார்க்க உத்தரவு போடுவார்கள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில், எங்கள் வக்கீல் எழுந்தார்.

"அம்மா, இந்தத் தரப்புக்கு ஒரு வாய்தா வேணும்."

"எதுக்கு? உங்க கட்சிக்காரர்தான் ஒத்துக்கிட்டாரே."

"என் கட்சிக்காரர் இன்னொரு தடவை குளிக்கணும்."

மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். மாலதி மட்டும் முதல்தடவையாக எங்கள் வக்கீலை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றாள்.

வெளியே வந்ததும் வராண்டா என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "கைக்கு வந்ததைக் கெடுத்துட்டீங்களே. நீங்க யாருக்கு வக்கீல்? அவளுக்கா, எங்களுக்கா?"

"பைய, டீச்சர். அந்தப் பொண்ணு பதில் தெரிஞ்சிக்கிட்டுத்தான் கேட்டா. உங்க தம்பிகிட்ட இன்னும் என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு. அது கழலாமப் பிள்ளையப் பாத்தான்னா அந்தப் பிள்ளைக்கே தெரிஞ்சிடும்."

சரி, குளித்துத் தொலையட்டும் என்றால், மாசியில் அருவி ஏது? பாறை வெயிலில் காய்ந்து கிடந்தது. "சாரல் வரட்டும்" என்றார். பங்குனி, சித்திரை, வைகாசி. கணேசன் கடையைப் பாதி நேரம் பூட்டிவிட்டு என் வீட்டில் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். இவர் காலையில் எழுந்ததும் பஜ்ஜிக் கடைக்குப் போன் போடுவார். "எப்படி இருக்கு? சொட்டுதா? சொட்டலியா? சரி." ஒரு தகப்பன் பிள்ளையைப் பார்ப்பது, கேரளத்துப் பக்கம் மேகம் கறுப்பதைப் பொறுத்தது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "எழுதல, அனுபவம்" என்றார். எனக்கு அந்தக் கோடை முழுக்கத் தலைவலி.

ஆனி மாதம் சாரல் விழுந்தது. விழுந்தது என்றால் ஒரேயடியாகக் கொட்டியது. கணேசன் வாசுதேவநல்லூரிலிருந்து ஹெல்மெட்டும் ரெயின்கோட்டுமாகப் பைக்கில் வந்து நின்றான். வக்கீல் டின்னைத் திறந்தார், போன் வந்தது. ஐந்தருவியில் வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை.

"தடையா? சரி. வெள்ளம் வடியட்டும்" என்று டின்னை மூடினார்.

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம். "இந்த ஊர்ல தண்ணி இல்லன்னாலும் குளிக்க முடியாது, தண்ணி வந்தாலும் குளிக்க முடியாது. அதுக்குள்ள அந்தப் பிள்ளை வளந்து கல்யாணமாகிப் போயிடும். நீங்க இந்த எண்ணெய் டின்னைக் கட்டிக்கிட்டு அழுங்க. ஏலே கணேசா, எந்திரி. வேற வக்கீலைப் பாப்போம்" என்று பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். அவன் எழுந்திருக்கவில்லை.

"பாப்பா தூங்கல சார்" என்றான்.

வக்கீல் டின்னின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"கதவுகிட்ட நின்னா. தண்ணி பாட்டிலைத் தொறந்து குடுக்கச் சொல்ல வந்திருக்கா. அவளுக்கு மூடி தொறக்க வராது, என்கிட்டதான் வருவா. நான் மாலதிய அடிச்சதைப் பாத்தா. நான் திரும்பினதும் பாட்டிலைப் பின்னால மறைச்சிக்கிட்டா சார். பாட்டிலுக்காக அவளையும் அடிப்பேன்னு நெனச்சிட்டா." மடியில் இருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். "இதைச் சொன்னா பாப்பாவக் கண்ணுலயே காட்ட மாட்டாங்கன்னுதான் தூங்குனான்னு சொன்னேன்."

எனக்கு வாசலில் நிற்கவும் முடியவில்லை, உள்ளே வரவும் முடியவில்லை. வக்கீல் எழுந்தார். ஆணியில் தொங்கிய துண்டை எடுத்தார். குளித்து வருகிறவர்களுக்குக் கொடுத்துக் கொடுத்துப் பழக்கம், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் இருந்து வந்த அந்தக் காய்ந்த தலையைத் துண்டால் துவட்டிவிட்டார். கணேசன் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நனையாமலே வந்துட்டியேலே" என்றார்.

அடுத்த வாய்தாவில் கணேசன் அதே அறையில், மாலதியைப் பார்த்து, கதவு, பாட்டில் எல்லாவற்றையும் சொன்னான்.

"இப்பவும் அவ பாட்டிலைத் தொறக்க யாரையும் கூப்பிடுததில்ல" என்றாள். "பல்லால கடிச்சுத் தொறக்கா."

கணேசன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மாலதி மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினாள். "பாக்கட்டும்மா. ஆனா பாப்பா கேட்டா, இப்பச் சொன்னதை அவகிட்டயும் சொல்லணும். மாத்தக் கூடாது. எங்க வீட்ல வேண்டாம், அவங்க வீட்லயும் வேண்டாம். அந்த எண்ணெய் வக்கீல் ஆபீஸ்ல பாக்கட்டும். அவர் கூட இருக்கணும்."

எதிர்க்கட்சிக்காரி எங்கள் வக்கீலை நம்பிப் பிள்ளையை விடுகிறாள். இவரோ, "ஞாயித்துக்கிழமை எனக்குச் சோலி இருக்கு" என்று முனகினார். மாஜிஸ்திரேட் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். மாலதிக்கும் பிள்ளைக்கும் மாதாமாதம் செலவுக்குக் கொடுக்க வேண்டும், அவள் இருக்கிற பக்கம் அவன் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது, ஞாயிறுதோறும் வக்கீல் ஆபீஸில் பிள்ளையைப் பார்க்கலாம் என்று உத்தரவானது. நகை கேட்டது, துரத்தியது எல்லாம் மனுவிலிருந்து போனது. கடைசியில் மாலதி, "மதினி பேரை எடுத்துடுங்கம்மா" என்றாள். "அந்தச் சாம்பாரை நானும்தான் குறை சொன்னேன்."

அவள் திரும்பி வரவில்லை. சிவகிரியில் ஒரு மெடிக்கலில் வேலைக்குப் போகிறாள். வா என்று நானும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

முதல் ஞாயிறு பாப்பா பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். "அம்மாவ ஏன் அடிச்சே?" என்று கேட்டாள். "கோவத்துல அடிச்சேன். அது தப்பு. நீ பயந்ததுக்கும் நான்தான் காரணம்" என்றான். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். ஐப்பசிவரை அப்படியே போனது. வக்கீல் மேசையில் காகிதங்களைப் புரட்டி எண்ணெய் ஆக்கிக்கொண்டிருப்பார். அவருக்கு அதில் பாப்பா உதவி.

அப்புறம் ஒரு ஞாயிறு, விளையாடிக்கொண்டே இருந்தவள் எழுந்து போய்த் தன் அப்பா முன்னால் பாட்டிலை நீட்டினாள். கணேசன் வாங்கித் திறந்தான். அவசரத்தில் தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. வக்கீல் சட்டென்று எழுந்தார். "கீழ எனக்கு ஒரு சோலி இருக்கு" என்றார். ஒரு சோலியும் கிடையாது, கண்ணைத் துடைக்க இடம் தேடிப் போனார். ஊரையெல்லாம் வழுக்கவைத்த அந்தப் படியில் அன்றைக்கு அவரே வழுக்கி விழுந்தார்.

முட்டி போய்விட்டது. பெங்களூரிலிருந்து மகள் வந்து திட்டித் தீர்த்துக் கையோடு கூட்டிப்போய்விட்டாள். வக்கீல் தொழில் அத்தோடு முடிந்தது. அங்கே பதினோராவது மாடியில் இருக்கிறார். காலையில் பஜ்ஜிக் கடைக்குப் போன் போடுவதை மட்டும் விடவில்லையாம்.

போன மாதம் சாரல் நன்றாக இருந்தது. ஒரு நாள் முழுக்கப் பாப்பாவை வைத்துக்கொள்ள மாலதி அனுமதி கொடுத்திருந்தாள். ஐந்தருவிக்குப் போனோம். கணேசனும் பாப்பாவும் ஓரத்துத் தண்ணீரில் நிற்க, நான் வழக்கம்போல பஜ்ஜிக் கடையில். கடைக்காரர் போனை என்னிடம் நீட்டினார்.

"யாரு, டீச்சரா? அங்கன என்ன சோலி?"

"கணேசன் குளிக்கான் அண்ணாச்சி."

"ஏன்? மறுபடி என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. பாப்பா கூடச் சும்மா குளிக்கான்."

"சும்மாவா?" என்றார். அருவியில் ஒருத்தன் சும்மா குளிப்பான் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. "சும்மா குளிக்கானா..." என்று தனக்குள்ளேயே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார். உடனே பேச்சை மாற்றி, "ரெண்டாம் எதிர்மனுதாரர் இன்னும் குளிக்கலியே" என்றார்.

"இனிமேதான்" என்றேன். போனை அருவிச் சத்தம் கேட்கிற மாதிரி அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்தேன். அந்த அடி விழுந்தால் மற்றதெல்லாம் கழன்று நடந்தது மட்டும்தான் நிற்கும் என்பார். எனக்கு அந்தப் படி, அந்த டின், அந்த வாய்தா, நான் பட்ட எரிச்சல் எல்லாம் போய்விட்டது. நனையாத ஒரு தலையை அந்த மனிதர் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தது மட்டும் நின்றது.